கட்டுக்கரைச் சிரிப்பியல்: அரசியல் நையாண்டிப் படம் பார்ப்போர் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தைப் பற்றி அறிஞர்கள் எழுதாமல் விட்டது மிகக் குறைவு. குளத்தைக் கட்டிய பெருமை தாதுசேனனுக்கு எவ்வளவு, திருத்திப் பெருப்பித்த பெருமை பராக்கிரமபாகுவுக்கு எவ்வளவு என்று வரலாற்றாசிரியர்கள் பங்கு பிரித்துவிட்டார்கள். பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையிலான தொல்லியல் குழு இங்கே தோண்டிச் சுடுமண் உருவங்களை வெளியே எடுத்து, ஆதியில் எவர் எதைக் கும்பிட்டார் என்று சொல்லிவிட்டது. பொறியியலாளர்கள் மதகை அளந்தார்கள். பறவையியலாளர்கள் வருடாவருடம் வந்து, பறக்கிறதை எண்ணிவிட்டுப் போகிறார்கள். ஆனால் இந்தக் குளத்து நெல்லைத் தின்று வளர்ந்த சனம், அரசியல் நையாண்டிப் படம் ஓடுகையில் எந்த இடத்தில் சிரித்தது, சிரிக்குமுன் எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது என்ற கேள்வியை இன்றுவரை எவரும் எழுப்பவில்லை. ஒரு பல்கலைக்கழகமும் இதற்குப் பணம் ஒதுக்கவில்லை. இக்கட்டுரைக்கும் ஒதுக்கவில்லை. அந்தச் சுதந்திரத்துடன் இது எழுதப்படுகிறது.

2. ஆய்வுக்களம்

இங்கே கட்டுக்கரை எனப்படுவது குளம் மட்டுமன்று. அருவியாற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டு மறித்துத் திருப்ப, அது குளத்துக்குள் வந்து, முருங்கன், நானாட்டான் வயல்களுக்குள் இறங்கி, மிச்சசொச்சம் கடலைத் தொடும் வரையுள்ள நிலம் முழுவதும் இதில் அடங்கும். பாலம் தாண்டிய மன்னார்த் தீவும், பேசாலையும், தலைமன்னாரும் கரை என்ற சொல்லின் பலத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டன.

களத்தின் முதன்மையான இயல்பு அதன் இருப்பிடம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கொழும்பு அதைப்போலப் பத்து மடங்குக்குக் கிட்டிய தூரம். ஆகவே எங்களை ஆளும் சட்டம் தொலைவிலிருந்தும், எங்களைச் சிரிக்கவைக்கும் படம் பக்கத்திலிருந்தும் வருகின்றன. இந்த அடிப்படை உண்மையை விளங்கிக்கொள்ளாதவர் மேற்கொண்டு வாசிப்பதில் பயனில்லை.

படம் வந்துசேர்ந்த வழிகளையும் பதிவுசெய்ய வேண்டும். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும் இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. எண்பதுகளில் அது நின்றது. கப்பல் நின்றாலும் அலைவரிசை நிற்கவில்லை. இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரத்தில் தூர்தர்ஷன் கோபுரம் எழுந்ததும், அதன் படம் கடவுச்சீட்டு இல்லாமல் கடலைக் கடந்தது. தீவில் அன்ரனாக்கள் எல்லாம் மேற்கைப் பார்த்து நின்றன. கொழும்பைப் பார்த்துத் திரும்பிய அன்ரனா, காற்றில் திரும்பியதாகத்தான் இருக்கும்.

பெருநிலப்பரப்பில் நிலைமை வேறு. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத ஊர்களில், வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் விடிய விடியப் படம் போட்டார்கள். மண்ணெண்ணெய் முடிந்த இடத்தில் படமும் முடிந்தது. இந்த நாட்டில் 1912ஆம் ஆண்டின் பொது அரங்காற்றுகைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் ஒரு தணிக்கைச் சபையும் இருக்கிறது. எனினும் கட்டுக்கரையில் உண்மையாகப் படங்களை வெட்டிய அதிகாரி மண்ணெண்ணெய்தான். இதனால் ‘அமைதிப்படை’ படத்து அரசியல்வாதி நாகராஜ சோழனுக்குக் கடைசியில் என்ன நேர்ந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. அவர் இன்னமும் பதவியில் இருப்பதாகவே அவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை பிழையென்று நிறுவத் தக்க சான்று எதுவும் இவ்வாய்வில் கிட்டவில்லை.

3. ஆய்வுக்கு எடுத்த படங்கள்

முதலாவது, சோவின் ‘முகமது பின் துக்ளக்’. 1968இல் நாடகமாக மேடையேறி, 1971 மார்ச்சில் படமாக வந்தது. கல்லறைக்குள்ளிருந்து துக்ளக்கும் இபின் படூட்டாவும் உயிரோடு எழுந்து வந்ததாக இருவர் நாட்டை ஏமாற்றுகிறார்கள். துக்ளக் தேர்தலில் வென்று பிரதமராகி, பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறார். கட்சி மாறி வந்தவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி கொடுக்கிறார். தலைப்பின் முதற்பாதியைக் கேட்டு முஸ்லிம்கள் சிலரும், கதையின் பிற்பாதியைக் கேட்டு ஆளுங்கட்சியினரும் முகம் சுளித்தார்கள். படத்தில் அல்லாவைப் புகழும் பாட்டை எம்.எஸ். விஸ்வநாதன் தாமே பாடினார்.

இப்படத்தில் கட்டுக்கரைக்கு வரலாற்று உரிமை உண்டு என்பதை இங்கே வலியுறுத்த வேண்டியிருக்கிறது. உண்மையான இபின் படூட்டா, உண்மையான துக்ளக்கிடம் தில்லியில் நீதிபதியாக இருந்தவர். 1344இல் அவர் இலங்கைக்கு வந்து கரையிறங்கிய இடம் புத்தளம் என்பர். அங்கே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டார், மன்னார்க் குடாவின் முத்துகளையும் கண்டார், பிறகு பாவாத மலை ஏறினார். தலைநகரை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிய மன்னனிடமிருந்து தப்பி வந்தவருக்கு முதலில் ஆறுதல் தந்த கரைகளில் எங்கள் கரையும் ஒன்று. ஆகையால் படத்தைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை சென்னைக்குக் கிடைப்பதற்கு 600 ஆண்டுகளுக்கு மேல் முன்பே எமக்குக் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, மணிவண்ணனின் ‘அமைதிப்படை’ (1994). கோயிலில் தேங்காய் பொறுக்கித் திரிந்த அமாவாசை, நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ. ஆகும் கதை. 1987 முதல் 1990 வரை இந்தியாவிலிருந்து வந்த வேறோர் அமைதிப்படையைப் பார்த்திருந்த எங்கள் ஊர்ப் பெரியவர்கள், தலைப்பைக் கேட்டதும் படம் பார்க்க வர மறுத்தார்கள் என்பது துணைத் தகவல்.

மூன்றாவது, ராஜு முருகனின் ‘ஜோக்கர்’ (2016). கழிப்பறைத் திட்டத்தால் மனைவி நினைவிழந்து படுக்கையாகிவிட, தருமபுரிக்காரர் ஒருவர் தம்மைத்தாமே ஜனாதிபதி என்று அறிவித்துக்கொள்கிறார். நான்காவது, மடோன் அஸ்வினின் ‘மண்டேலா’ (2021). இரண்டு வேட்பாளர்களுக்கும் வாக்குகள் சரிசமமாக நிற்க, முடிதிருத்துபவர் ஒருவரின் ஒற்றை வாக்கு ஊரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்தது 2021 ஏப்ரல் 6. இப்படம் விஜய் தொலைக்காட்சியில் வந்தது ஏப்ரல் 4. வாக்காளருக்கு யோசிக்க நடுவில் ஒரு நாள் விடப்பட்டது.

4. பார்வையாளர் வகைப்பாடு

கள ஆய்வில் ஐந்து இனங்கள் தெளிவாக வேறுபடுகின்றன.

(அ) முந்திச் சிரிப்போர். இவர்கள் படத்தை முன்னமே பார்த்தவர்கள். பகிடி வருமுன் சிரித்து, பகிடி வரும்போது பக்கத்திலுள்ளவருக்கு அதைச் சொல்லி, பகிடி போனபின் மற்றவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பார்கள். மற்றவர்களுக்கு வசனம் கேட்காததற்குக் காரணம் தாங்களே என்பதை இந்த இனம் ஏற்பதில்லை.

(ஆ) திரும்பிப் பார்ப்போர். எண்ணிக்கையில் மிகப் பெரிய இனம். திரையில் ஓர் அரசியல்வாதி பொய் சொன்னதும் இவர்கள் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் இருக்கும் பிரதேச சபை உறுப்பினரையோ, அவருடைய மச்சானையோ, மச்சானின் ஓட்டோவை ஓட்டும் பொடியனையோ தேடுவார்கள். அவர் சிரித்தால் இவர்களும் சிரிப்பார்கள். அவர் சிரிக்காவிட்டால் இருமுவார்கள். சிரிப்பு பாதி வந்தபிறகு அதை இருமலாக மாற்றுவது நுட்பமான கலை. இதில் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர்களை மிஞ்ச ஆளில்லை.

(இ) பொழிப்புரையாளர். “உது ஆர் தெரியுமோ?” என்று தொடங்கும் இனம். திரையில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் ஓர் ஆளைப் பொருத்திக் காட்டுவார்கள். சோ நினைத்தது இந்திரா காந்தியை என்று எவரும் சொன்னால், “அது அவங்களுக்கு. எங்களுக்கு இது இன்னார்” என்று சாதிப்பார்கள். ஒரே பாத்திரத்துக்கு மூன்று பொழிப்புரையாளர் மூன்று பெயர் சொல்லி, படம் முடியுமுன் தங்களுக்குள் பேச்சை நிறுத்திக்கொள்வதும் உண்டு.

(ஈ) கடமைக்குச் சிரிப்போர். அரசியல்வாதியும் அவரைச் சூழ்ந்தவர்களும் இதில் அடங்குவர். நையாண்டி தம்மைத் தொடவில்லை என்று காட்டுவதற்காக மற்றவர்களைவிட உரத்துச் சிரிப்பார்கள். ஆனால் நிறுத்தும் இடம் பிழைத்துவிடும். வேட்பாளர் வாக்குக் கேட்டுக் காலில் விழும் காட்சியில் தாராளமாகச் சிரித்தவர், வென்றபின் வீட்டுக் கதவைச் சாத்தும் காட்சியில் கைத்தொலைபேசியை எடுப்பார். அந்நேரம் பார்த்து எவரும் அவருக்கு அழைப்பு எடுத்திருக்க மாட்டார்கள்.

(உ) பாராமற் கொதிப்போர். இவர்கள் படத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தால் கொதிப்பு ஆறிவிடும் என்ற அச்சம் காரணமாக இருக்கலாம். படம் வருமுன் அறிக்கை விடுவார்கள். படம் வந்தபின் அந்த அறிக்கையை மறுபடி விடுவார்கள். சர்ச்சைக்குரிய படங்களின் விளம்பரச் செலவில் பெரும்பங்கை இவர்களே சுமக்கிறார்கள். இதுவரை எந்தத் தயாரிப்பாளரும் இவர்களுக்கு நன்றி சொல்லவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை தீர்த்துவைக்கிறது: நன்றி.

ஆறாவதாகக் கழுதைகளைச் சேர்க்கலாமா என்று யோசிக்க நேர்ந்தது. மன்னார்த் தெருக்களில் அவை சுதந்திரமாக உலவுவதை ஊருக்கு வருவோர் அனைவரும் அறிவர். சோ 1970 பொங்கலுக்கு ‘துக்ளக்’ இதழைத் தொடங்கியபோது முதல் இதழின் அட்டையில் பேசிக்கொண்டிருந்தவை இரண்டு கழுதைகள் என்பதால் இனத்தொடர்பும் இருக்கிறது. ஆயினும் தேர்தல் சுவரொட்டிகளை அவை வாசிப்பதில்லை, கட்சி பேதமின்றித் தின்கின்றன. நடுநிலை இந்தளவுக்கு முற்றிய பிரிவை மாதிரியில் சேர்த்தால் முடிவுகள் சாய்ந்துவிடும் என்பதால் விலக்கப்பட்டன.

5. முதலாம் விதி: தூர விதி

ஓர் அரசியல்வாதியின் வீட்டுக்கும் பார்வையாளரின் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடக் கூடச் சிரிப்பின் சத்தமும் கூடும்.

விளக்கம் எளிது. ‘அமைதிப்படை’யில் வாக்கு எண்ணும் காட்சியை எடுத்துக்கொள்வோம். முதலில் அமாவாசை கதிரையின் நுனியில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பார். முன்னிலை ஏற ஏற உடம்பு பின்னால் சாயும், கால் மேல் கால் ஏறும். அமாவாசையாக வரும் சத்யராஜ் இந்தக் காட்சியில் பேசாமலே ஓர் ஆட்சிக்காலத்தை நடித்துக் காட்டிவிடுகிறார். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவர் இப்படி உட்கார்ந்தால் கட்டுக்கரை வயிறு வலிக்கச் சிரிக்கும். கடலுக்கு அந்தப் பக்கத்தவர் ஒருவர் எப்படி உட்கார்ந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் குறையப்போவதில்லை.

இப்போது அதே காட்சியை உள்ளூருக்குக் கொண்டுவருவோம். சிறுபோகம் எத்தனை ஏக்கரில் செய்வது, எந்த வாய்க்காலுக்கு முதலில் தண்ணீர் விடுவது என்று தீர்மானிக்கக் கூட்டம் கூடுகிறது. முன்வரிசைக் கதிரையில் இருப்பவர் கூட்டம் போகப் போகப் பின்னால் சாய்கிறார், கால் மேல் கால் போடுகிறார். அசைவுக்கு அசைவு அதே காட்சி. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தங்கள் கையிலுள்ள கடுதாசியைக் கூர்ந்து வாசிக்கிறார்கள். கடுதாசியில் ஒன்றும் எழுதியிருக்காது.

இவ்விதி இங்கே மட்டும் செல்லுபடியாவதன்று. தென்னிலங்கையில் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’, மகனின் சவப்பெட்டியை நம்ப மறுக்கும் கண்தெரியாத தந்தை ஒருவரைப் பற்றிய படம். நையாண்டிப் படமே அன்று. ஆனால் கதை நடந்தது சொந்த நாட்டில், போர் நடந்துகொண்டிருக்கையில். அரசு 2000இல் தடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதைத் திரையிட வழிவிட்டது. தூரம் சுழியமாக இருந்தால் சிரிக்காத படத்தையும் பொறுக்க முடியாது என்பதே இதன் பாடம்.

காலத் தூரமும் இடத் தூரத்துக்குச் சமமா என்பது தொடர்ந்து விவாதிக்கப்படும் கேள்வி. செத்தவரைப் பகிடி பண்ணுவது பாதுகாப்பு என்பது பொது நம்பிக்கை. ஸ்டாலின் இறந்தது 1953இல். அவருடைய சாவைப் பற்றிய ஆங்கில நையாண்டிப் படத்துக்கு ரஷ்யாவின் பண்பாட்டு அமைச்சு 2018 ஜனவரியில், திரையிடச் சில நாட்கள் இருக்கையில், அனுமதியை மீளப்பெற்றது. 65 ஆண்டுகள் போதவில்லை. துக்ளக் 1351இல் இறந்தவர். அவருக்கு 620 ஆண்டுகள் கழிந்தும் சென்னையில் பதற்றம். ஆகவே காலத் தூரத்தை நம்பிச் சிரிக்க வேண்டாம். கடலை நம்பலாம்.

6. இரண்டாம் விதி: குதிர் விதி

எந்த நையாண்டிப் படமும் எவரையும் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. பெயர் சொல்பவர் எதிர்ப்பவர்.

நெல் விளையும் ஊரில் இதை விளக்க வேறு உவமை தேடத் தேவையில்லை. கடன்காரன் வாசலில் நிற்கையில், “எங்கள் அப்பன் குதிருக்குள் இல்லை” என்று பிள்ளை சொன்ன கதையை எல்லாரும் அறிவர். கடன்காரன் குதிரைப் பற்றிக் கேட்கவே இல்லை. அரசியல் நையாண்டிப் படத்துக்கு எதிராக விடப்படும் அறிக்கைகள் அனைத்தும் இந்தப் பிள்ளையின் வாக்குமூலத்தின் விரிவுரைகளே.

வரலாற்றில் இதற்கு மிகச் சிறந்த சான்று இந்தியில் இருக்கிறது. அம்ரித் நஹாட்டா ‘கிஸ்ஸா குர்ஸி கா’ என்ற படத்தை 1975இல் தணிக்கைக்கு அனுப்பினார். கதிரையின் கதை. அமைச்சு 51 ஆட்சேபங்களை அடுக்கியது. எல்லாம் கற்பனைப் பாத்திரங்கள் என்றார் நஹாட்டா. படத்தை எடுத்தவருக்கு ஓர் ஒற்றுமையும் தெரியவில்லை, அதைப் பார்த்த அமைச்சுக்கு 51 தெரிந்தன. நெருக்கடி நிலையின்போது படச்சுருள்கள் குர்காவ்னில் உள்ள மாருதி தொழிற்சாலை வளவுக்குக் கொண்டுபோகப்பட்டு எரிக்கப்பட்டன. பிரதமர் இந்திராவின் மகன் சஞ்சய் காந்தியும் தகவல் அமைச்சராயிருந்த வி.சி. சுக்லாவும் 1979இல் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் விடுபட்டார்கள். அதற்குள் 1978இல் நஹாட்டா படத்தைத் திரும்ப எடுத்து வெளியிட்டுவிட்டார். சிரிப்பியல் நோக்கில் அந்த எரிப்பு, ஒரு பார்வையாளர் ஒரு படத்தை முழுமையாக விளங்கிக்கொண்டமைக்கு அளித்த அதியுயர் சான்றிதழ். திறனாய்வாளர் எவரும் அந்த அளவுக்கு ஈடுபட்டு எழுதியதில்லை.

தமிழில் அண்மைய சான்று ‘சர்கார்’ (2018). இதை நையாண்டிப் படம் என்று வகைப்படுத்த இயலாது. ஆயினும் எதிர்வினைகள் நையாண்டி என்பதால் ஒப்பீட்டுக்குச் சேர்க்கப்படுகிறது. இலவசப் பொருட்களை நெருப்பில் எறியும் காட்சிக்கு அ.தி.மு.க.வினர் கொதித்துத் திரையரங்குகளில் நாயகன் விஜய்யின் பதாகைகளைக் கிழித்தார்கள். வில்லிக்குக் கோமளவல்லி என்று பெயர் வைத்ததையும் அவர்கள் பொறுக்கவில்லை. காட்சி வெட்டப்பட்டது, பெயரின் ஒலி நிறுத்தப்பட்டது. பெயர் யாரைச் சுட்டுகிறது என்று அதுவரை யோசித்திராத பேசாலைப் பொடியன்களும் அன்றிரவே விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். ஒலி நிறுத்தப்பட்ட இடத்தில் முழு அரங்கமும் அந்தப் பெயரைச் சொல்வது எந்தப் பள்ளிக்கூடமும் அடையாத கற்பித்தல் வெற்றி.

துணை விதி: நையாண்டிப் படத்தால் தேர்தல் தோற்பதில்லை. ‘முகமது பின் துக்ளக்’ ஓடத் தொடங்கிய அதே 1971 மார்ச்சில் தேர்தல் முடிவுகள் வந்தன. படம் குத்திக்காட்டியதாகச் சொல்லப்பட்ட தி.மு.க. 234 தொகுதிகளில் 184 வென்றது. படம் குத்திக்காட்டிய இன்னொருவரான இந்திரா காந்தியின் கட்சி மக்களவையில் 352 இடங்களைப் பிடித்தது. சனம் படத்தைப் பார்த்துச் சிரித்தது, பிறகு போய் வாக்குப் போட்டது. இரண்டையும் ஒரே கையால் செய்தது. அரசியல்வாதிகள் இந்தப் புள்ளிவிவரத்தைப் படித்திருந்தால் நையாண்டிப் படங்களுக்குக் கேளிக்கை வரியைத் தள்ளுபடி செய்து, டெக்கும் ஜெனரேற்றரும் இலவசமாகக் கொடுத்திருப்பார்கள்.

7. மூன்றாம் விதி: வாக்காளர் விலக்கு

இதுவே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. மேலே சொன்ன படங்கள் இரண்டு தரப்பாரை நையாண்டி செய்கின்றன: வாக்குக் கேட்பவர், வாக்குப் போடுபவர். கேட்பவர் கொதிக்கிறார், வழக்குப் போடுகிறார், சுருளை எரிக்கிறார். போடுபவர் இன்றுவரை ஓர் அறிக்கை விட்டதில்லை.

சான்றுகளைப் பார்ப்போம். துக்ளக் படத்தின் உண்மையான வில்லன் துக்ளக் அல்லர். கல்லறையிலிருந்து எழுந்து வந்தேன் என்று ஒருவன் சொன்னால் நம்புகிற கூட்டமே வில்லன். அந்தக் கூட்டம் கடைசியில் பொய்யனின் பேச்சுக்குக் கைதட்டி, உண்மை சொன்ன கூட்டாளியைத் துரோகியாக்குகிறது. ‘மண்டேலா’வில் ஒரு வாக்குக்காக இரண்டு வேட்பாளர்களும் மாறி மாறிச் சலுகை கொடுக்க, வாங்கப் பழகிக்கொள்வது சூரங்குடி வாக்காளர். ‘ஜோக்கர்’ நாயகன் அறிவித்துக்கொண்ட பதவியைக் கேட்டுச் சிரிப்பது அவனைச் சுற்றியுள்ள ஊர். இந்தக் காட்சிகளைப் பார்க்கையில் கட்டுக்கரைப் பார்வையாளர் காட்டிய எதிர்வினை ஒன்றே: நிம்மதி. “எங்கட சனம் உப்பிடித்தான்” என்றார்கள். சொன்ன ஒருவரும் எங்கட சனத்தில் தம்மைச் சேர்க்கவில்லை.

‘மண்டேலா’ ஓடிய வீடொன்றில் வேட்பாளர் பொருள் கொடுக்கும் காட்சிக்கு எழுந்த சிரிப்பு, மேலே கூரைத் தகரத்தில் பட்டு நன்றாக எதிரொலித்தது. அந்தத் தகரம் எந்தத் தேர்தலுக்கு முன் வந்தது என்று கேட்கப்படவில்லை. கேட்டிருந்தால் தேத்தண்ணி வந்திராது.

‘ஜோக்கர்’ படத்து நாயகனைப் பைத்தியம் என்று சிரித்தவர்களுக்கு இன்னொரு செய்தி. 2024 செப்டெம்பர் 21இல் நடந்த எங்கள் ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர்கள் 38 பேர். நாங்கள் மடிப்பு மடிப்பாக வாக்குச்சீட்டை விரித்து, அத்தனை பேரையும் வாசித்து, விருப்பத் தெரிவு ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிடும் உரிமையும் பெற்றவர்கள். தன்னை ஜனாதிபதியாக நினைத்துக்கொள்ளும் ஒருவரைப் பார்த்துத் தமிழ்நாடு வியந்து படம் எடுக்கிறது. எமக்கு அது நிர்வாக நடைமுறை.

8. மறுப்புரை

முதலாவது ஆட்சேபம்: சனம் பாவம், உழைத்துக் களைத்து வந்து படம் பார்க்கிறது, அதன் சிரிப்பை ஆராய்வது கொடுமை. மறுமொழி: குளத்தின் மண்ணைச் சல்லடையில் அரித்து ஆராய்ந்தபோது மண் ஆட்சேபிக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம்: நாட்டுக்கூத்தில் அரசன் வருமுன் கட்டியகாரன் வந்து பகிடி விடுவது எங்கள் மரபில் உண்டு, ஆகையால் கட்டுக்கரை உள்ளூர் நையாண்டிக்கு அஞ்சாது. மறுமொழி: கூத்தில் அரசன் கடைசிக் காட்சி முடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டு விடியற்காலை வலைக்குப் போய்விடுவான். அடுத்த நாள் அவனிடம் கையொப்பம் வாங்கத் தேவையில்லை. வேடம் கலையாத அரசரின் முன்னால் கட்டியகாரன் விட்ட பகிடிக்குச் சான்று கொண்டுவந்தால், இக்கட்டுரை திருத்தி எழுதப்படும்.

மூன்றாவது ஆட்சேபம், கட்டுக்கரையிலேயே ஓர் அரசியல் நையாண்டிப் படம் எடுத்தால் என்ன என்பது. கதைக்குப் பஞ்சமில்லை. நடிப்பவர்களுக்கும் பஞ்சமில்லை, பலர் ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள். தடை ஒன்றுதான். படம் ஓடும் நாளில் எல்லாரும் மற்றவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், திரையைப் பார்க்க ஒருவரும் இருக்கமாட்டார்.

9. பரிந்துரைகள்

ஒன்று. நையாண்டிப் படத்துக்கு எதிராக அறிக்கை விடுபவர், தாம் எந்தக் காட்சியில் தம்மை அடையாளம் கண்டார் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். ஆய்வாளர்களின் நேரம் மிச்சமாகும்.

இரண்டு. அரசியல்வாதிகளுக்குப் படம் தொடங்குமுன் சிரிக்கும் இடங்களும் நிறுத்தும் இடங்களும் அடங்கிய அட்டவணை வழங்கப்பட வேண்டும். கைத்தொலைபேசி எடுக்கும் இடத்தையும் அதில் சேர்க்கலாம்.

மூன்று, வாசகருக்கு. அடுத்த முறை இப்படியொரு படம் பார்க்கும்போது நீங்கள் எங்கே சிரித்தீர்கள் என்று எண்ண வேண்டாம். அது மற்றவரைப் பற்றிய காட்சி. சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, உங்களுக்கு மட்டும் சிரிப்பு வராமல் போன ஓரிடம் இருந்திருக்கும். அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். படம் உங்களைப் பற்றிச் சொன்னது அந்த இடத்தில்தான். வாக்குச்சீட்டை விரிக்கும் நாளில் அந்தக் குறிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.